கல்லும் வாய்க்காலும்

துவைக்கும் இடத்தைச் சீர்படுத்தக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், நம் வீடுகளில் அது முதலில் சுவருக்குப் போகிறது. மார்பளவுக்கு டைல்ஸ், அதற்கு மேல் ஒரு கோட் பெயிண்ட், சோப்புத்தூள் வைக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு. சில வாரம் பளிச்சென்று இருக்கும். பிறகு காலடியில் தேங்குகிற தண்ணீர் சுவரின் அடியில் ஓதமாக ஏறும். டைல்ஸ் இடுக்குகளில் கறுப்புப் படியும், தரை வழுக்கும். குனிந்து துவைப்பவரின் இடுப்புவலி முன்பு இருந்தது போலவே இருக்கும். பணம் தாராளமாக இருப்பவருக்கு எதை முதலில் செய்தாலும் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும். குறைந்த பணத்தில் செய்பவருக்கு வரிசைதான் எல்லாம். முதலில் தண்ணீர் போகிற வழி, அடுத்து நின்று துவைக்கிற உயரம், அதற்கடுத்து காயப்போடுகிற கொடி, நிறமும் அலங்காரமும் கடைசி என்பது என் வாதம். தமிழ்நாட்டு வீட்டையும் இலங்கைத் தமிழர் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வரிசையின் நியாயம் தெளிவாகிறது. தமிழ்நாட்டு வீடு நல்ல கல்லை வைத்துக்கொண்டு தண்ணீரை மறந்திருக்கிறது. இலங்கை வீடு தண்ணீரைக் கவனித்துவிட்டு, துவைப்பவரின் முதுகை மறந்திருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு ஆரணிப் பட்டு வட்டாரத்தையும் அதையொட்டிய திருமலையையும் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் திருமலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் உள்ள ஊர். குந்தவை பெயரால் விளங்கும் சினாலயமும், பாறையில் செதுக்கிய நேமிநாதர் சிலையும் உள்ள சமணத் தலம். இங்குள்ள கல்வெட்டொன்று முதலாம் ராஜேந்திரன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்தும்போது ஈழத்தையும் சொல்கிறது. இரு கரைகளையும் ஒப்பிட்டு எழுத இந்த ஊர் பொருத்தமானதுதான். இலங்கைப் பக்கத்துக்குத் திருகோணமலை. பேச்சில் அதுவும் திருமலைதான். அதோடு யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் கிணற்றடி என்ற அமைப்பு அங்கேதான் முழுமையாக வளர்ந்தது. இரண்டு இடங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உண்டு. பேச்சும் உணவும் உடையும் நெருக்கம். ஆகவே துவைக்கும் இடம் இரண்டு விதமாக அமைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நிலமும் நீரும்தான். அந்த வேலை யாருடையதாகக் கருதப்பட்டது என்பதும் இரண்டிலும் ஒன்றே.

அந்தக் கடைசி விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய வசதியான வீடுகளில், இக்கரையிலும் அக்கரையிலும், துணி துவைக்க என்று இடம் வகுத்திருக்க மாட்டார்கள். வெளுப்பது வண்ணாரின் வேலை. யாழ்ப்பாணத்தில் கட்டாடி என்பார்கள். அழுக்கு மூட்டை வீட்டை விட்டு வெளியேறி, ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் உவர்மண்ணும் வெள்ளாவியும் பார்த்து, வெளுத்துத் திரும்பி வரும். பிறருடைய அழுக்கைச் சுமந்த அந்தக் குடும்பங்களுக்கு ஊர் கொடுத்த மரியாதை என்ன என்பது தெரிந்ததுதான். சோப்பு மலிவானதும் அந்த வேலை மெல்ல வீட்டுக்குள் நகர்ந்தது. கொழும்பில் லீவர் நிறுவனம் 1938-இல் காலூன்றியது. இந்தியாவில் 1959-இல் சர்ஃப் தூள் வந்தது, 1969-இல் தொடங்கிய நிர்மா அதை ஏழை வீட்டுக்கும் எட்டவைத்தது. வேலை உள்ளே வந்தபோது அது வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்தது. ஆனால் வேலை வந்ததே தவிர அதற்கென்று இடம் வரவில்லை. முதலில் சாதி சார்ந்து தாழ்வாக எண்ணப்பட்ட வேலை, பிறகு பெண் சார்ந்து எண்ணிக்கையில் சேராத வேலையாயிற்று. கிணற்றடியிலும் குளியலறை மூலையிலும் மொட்டைமாடியிலும் மிஞ்சிய இடத்தில் துவைப்பது என்ற பழக்கம் இப்படித்தான் நிலைத்தது. துவைக்கும் இடத்துக்குச் செலவு செய்வதை வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல் நிலத்துக்குள் இறங்கி நிற்கும் மழைநீரைத்தான் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கும் அள்ளியாக வேண்டும். அதனால் கிணறு வீட்டு வாழ்வின் நடுவே இருக்கிறது. பல குடும்பங்கள் பங்கு வைத்து அனுபவிக்கும் கிணறுகளும் உண்டு. கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளம், ஓரத்தில் தொட்டி, அருகே உடுப்புத் தோய்க்கிற கல், குளிப்பவர்களுக்காகக் கிடுகாலோ பனையோலையாலோ கட்டிய மறைப்பு. துலா இருந்த இடத்தில் இப்போது மோட்டார். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது தளத்தின் ஒரு மூலையிலிருந்து புறப்படும் சிறு வாய்க்கால். குளித்த நீரும் தோய்த்த நீரும் அதன் வழியே வாழைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் போகும். கிணற்றடி வாழை என்பது அழகுக்கு வைத்ததல்ல. அது அந்த வீட்டின் வடிகால். நீர் அரிதான இடத்தில் அள்ளிய ஒரு வாளியை இரண்டு முறை பயன்படுத்தும் ஏற்பாடு. தண்ணீரைக் கைகளால் இறைத்த தலைமுறை அது எங்கே போகிறது என்று பார்க்காமல் இருந்திருக்க முடியாது. போர்க்காலத்தில் 1990-களில் குடாநாட்டுக்குள் பொருள்கள் வருவது தடைபட்டுச் சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்தார்கள். அப்போதும் அந்தக் கிணற்றடி வேலை செய்தது, ஏனென்றால் அது கடையில் வாங்கிய எந்தப் பொருளையும் நம்பி நிற்கவில்லை. மலையகத்துத் தோட்டக் குடியிருப்புகளில் இதே இடத்தைப் பீலி பிடித்திருக்கிறது. மலைச்சரிவு நீர் குழாயில் விழ, லயத்துப் பெண்கள் வரிசையில் நின்று துவைக்கிற பொது இடம் அது. அதன் கதை வேறு, நீண்டது, இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆரணிப் பக்கம் வேறு காட்சி. சுற்றிலும் கடினப் பாறை நிலம், கருங்கல்லுக்குக் குறைவில்லை. துவைக்கிற கல் என்றால் சாய்வாக நிறுத்திய கருங்கல் பலகைதான். பல வீடுகளில் அதை இரண்டு செங்கல் கால்களின் மேல் இடுப்பளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். அடித்துத் துவைத்தாலும் தேய்த்துத் துவைத்தாலும் பல பத்தாண்டுகள் தாங்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் இதற்கு ஈடுகொடுக்காது, அங்கே சீமெந்தில் வார்த்த கல்லே பொதுவானது. அது தாழ்வாக இருப்பதால் குனிந்தோ குந்தியோ தோய்ப்பதே வழக்கமாயிற்று. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நின்று துவைக்கும் வசதியில் தமிழ்நாட்டுக் கல் ஒரு படி முன்னே இருக்கிறது. அந்தக் கல்லின் காலடியைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது. கிணறு வறண்டு, போர் என்கிற ஆழ்துளைக் கிணறு வந்து, மோட்டார் வந்து, குழாய் வந்த பிறகு, தண்ணீர் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற பொருளாகிவிட்டது. துவைத்த நீர் தெருச் சாக்கடைக்குப் போகும். சாக்கடை இல்லாத ஊரில் பக்கத்துக் காலிமனைக்குப் போகும். அதுவும் இல்லையென்றால் கல்லைச் சுற்றியே தேங்கிப் பாசி பிடிக்கும்.

நெசவு வீட்டில் இது வெறும் அசௌகரியமாக நின்றுவிடாது. குழித்தறி என்பது தரைமட்டத்துக்குக் கீழே குழி எடுத்து, நெசவாளர் அதில் காலை இறக்கி மிதிபலகையை மிதிக்கும் தறி. வீட்டின் தரையில் ஓதம் ஏறினால் அது முதலில் எட்டுவது அந்தக் குழியைத்தான். நாள் முழுக்கக் கால் ஈரக்குழியில் இருக்கும். பாவு நூல் ஈரம் வாங்கும். வெள்ளிச் சரடு கலந்த ஜரிகை ஈரக்காற்றில் கறுக்கும். பின்பக்கத்தில் துவைக்கிற நீர் சரியாக வெளியேறாத வீட்டில், முன்கூடத்தில் நெய்கிற புடவையின் தரம் பாதிக்கப்படும். ஆகவே ஆரணியின் ஒரு நெசவுக் குடும்பம் துவைக்கும் தளத்துக்குச் செலவு செய்தால், தொழிலுக்கே செலவு செய்ததாக அதைக் கணக்கெழுதலாம்.

எவ்வளவு நீரைப் பற்றிப் பேசுகிறோம்? இந்திய நகரக் குடிநீர்த் திட்டங்களின் கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் துணி துவைக்க 20 லிட்டர். கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டம் 2019 முதல் குறிவைப்பது 55 லிட்டர்தான் என்பதால், கிராமத்து வீட்டில் துவைப்பதற்குப் போகும் பங்கு இன்னும் கனமாகத் தெரியும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 80 லிட்டர் என்று வைத்தால் மாதம் 2,400 லிட்டர். மூன்று, நான்கு வாழைக்குப் போதும். இவ்வளவு நீரை வீட்டைச் சுற்றித் தேங்க விடுவதா, ஒரு வழியில் அனுப்புவதா என்பதைத் தளம் போடும் அன்றைக்கே முடிவுசெய்துவிட வேண்டும், பிறகு மாற்றுவது செலவு.

இலங்கையின் வாய்க்காலை அப்படியே எடுத்து ஆரணியில் வைத்துவிடலாமா? முடியாது, நிலம் கேட்காது. ஆரணிப் பக்கத்தில் மேலே மண், அதன் கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. களிமண் கலந்த இடத்தில் நீர் மெதுவாகவே இறங்கும். எனவே வாழைப் பாத்திக்கு முன் கல்லும் ஜல்லியும் நிரப்பிய உறிஞ்சுகுழி ஒன்று உதவும். 2021-இல் மத்திய அரசு ஊரகங்களில் பத்து லட்சம் உறிஞ்சுகுழிகள் என்று இலக்கு வைத்து இயக்கம் நடத்தியது. அது இப்படிப்பட்ட நிலங்களுக்குப் பொருந்தும் யோசனை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் அதே குழியை ஆழமாகத் தோண்டினால் ஆபத்து. பாறையின் வெடிப்புகள் வழியே அழுக்கு நீர் வடிகட்டாமலே கிணற்றைச் சேர்ந்துவிடும். அங்கே ஆழமில்லாத வாய்க்காலில் வேர்மட்டத்தில் பரவ விடுவதே அறிவு, முன்னோர் செய்ததும் அதுதான். திருகோணமலைக் கரையோரம் மணல்; நீர் நிற்காமல் இறங்கும்; நிலத்தடி நீரோ ஆழமில்லை. 2004 டிசம்பர் கடல்கோளில் கிழக்குக் கரையின் கிணறுகள் உவர்ந்து போனதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மணலுக்குக் கீழே உள்ள நன்னீர் எவ்வளவு மெல்லியது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று நிலத்துக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: துவைத்த நீர் விழும் இடம் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ பத்து மீட்டராவது தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். வாய்க்கால் போகும் இடத்தை மண்ணைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இனிச் செலவு. நான்கடிக்கு ஐந்தடித் தளம் போதும். மூன்று அங்குல கனத்தில் கான்கிரீட் போட்டால் ஐந்து கன அடி வரும். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று கிட்டத்தட்டப் போதும். அதோடு கொஞ்சம் மணலும் ஜல்லியும், கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி. ஆனால் அந்த ஒரு நாளில் கொத்தனார் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியது வாட்டம். அடிக்குக் கால் அங்குலம் என்றால் ஐந்தடியில் ஒன்றேகால் அங்குலச் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மேற்பரப்பை மழமழவென்று தேய்க்கச் சொல்லக்கூடாது, ஈரப் பூச்சில் விளக்குமாற்றை ஒரு முறை இழுத்துவிட்டால் வழுக்காது. தளத்தைச் சுற்றி இரண்டங்குல வரம்பு, கீழ்மூலையில் குழாய் வாய், அதன்மேல் நூல் பிசிறும் முடியும் அடைக்காமல் தடுக்க ஒரு வலை. குழாயில் மிச்சம் பிடிக்கக் கூடாது. குறுகிய குழாய் அடைத்துக்கொண்டால் செய்த வேலை முழுவதும் வீணாகும்.

அடுத்தது உயரம். அழுத்தித் தேய்க்கும் கனமான வேலைக்கு மேடை முழங்கையிலிருந்து ஏறக்குறைய அரையடி முதல் ஓரடிக்குச் சற்று மேல் வரை தாழ்ந்திருப்பது நல்லது என்பது உடலுழைப்பை ஆராய்பவர்கள் சொல்லும் கணக்கு. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அது தரையிலிருந்து இரண்டடி முதல் இரண்டரையடிக்குச் சற்று மேல் வரை வரும். கடையில் வார்த்து விற்கும் கல்லை அப்படியே வாங்கி வைக்காமல், துவைக்கப்போகிறவரை நிற்கவைத்து அளந்து, செங்கல் கால்களை அதற்கேற்பக் கட்டலாம். கூடுதல் செலவு கொஞ்சம் செங்கல்தான். இலங்கையின் கிணற்றடிகள் தமிழ்நாட்டிலிருந்து உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது இதுதான். வாளியைத் தூக்கி வைக்கவும் அதே உயரத்தில் பக்கத்தில் ஒரு திட்டு இருந்தால், ஈரத்துணியோடு குனிந்து நிமிரும் வேலை பாதியாகும்.

தண்ணீரின் குணமும் செலவோடு சேர்ந்தது. உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துச் சாம்பல்நிறப் படிவாக மாற்றித் துணியிலேயே ஒட்டவைக்கும். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று சொல்லி, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. இலங்கைத் தரத்தில் உச்சவரம்பு 250. ஆனால் சுண்ணக்கல் கிணறும் கடினப்பாறைப் போரும் தரப்பட்டியலைப் பார்த்துச் சுரப்பதில்லை. இதில் ஆரணிச் சாயப்பட்டறைகளின் அறிவு வீட்டுக்கு உதவும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து அதை நீக்கினால்தான் பட்டு மினுமினுக்கும், சாயம் சமமாக ஏறும். நீர் கடினமானால் வேலை கெடும் என்பது அத்தொழிலில் இருப்பவர்களுக்குப் பால பாடம். வீட்டில் பருத்தித் துணியை ஊறவைக்கும் நீரில் முதலில் கொஞ்சம் வாஷிங் சோடா கலந்தால் சோப்புச் செலவு குறையும். வீட்டுப் பட்டுப்புடவைக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது; பட்டறையில் அளவறிந்து செய்வதை வீட்டில் செய்தால் இழை நொய்ந்துபோகும். மழைநீரோ இயல்பாகவே மென்மையானது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்றிருக்க, கூரைக் குழாயின் ஒரு கிளையை மூடியுள்ள டிரம்முக்குத் திருப்புவது பெரிய வேலையில்லை. பருவமழைக் காலம் முழுவதும் அலசுவதற்கு அது போதும்.

சோடாவும் சோப்பும் கலந்த நீரை வாழைக்கு விடலாமா என்று கேட்பது நியாயம். நாள்தோறும் விட்டால் மண்ணில் சோடியம் ஏறி நிலம் இறுகும், நீர் இறங்காது. இங்கே வயல்காரர் வழி கைகொடுக்கும்: மடை திருப்புவது. தளத்தின் வாயில் இரண்டு வழி வைத்து, ஊறவைத்த முதல் நீரை உறிஞ்சுகுழிக்கோ சாக்கடைக்கோ விட்டு, அலசிய இரண்டாம் மூன்றாம் நீரை மட்டும் பாத்திக்குத் திருப்பினால் மண்ணுக்கும் கேடில்லை. ஒரு துணிப்பந்து போதும் வழியை மாற்ற. யாழ்ப்பாணத்தின் பழைய வாய்க்கால் கடுஞ்சோப்பு வராத காலத்தில் அமைந்தது. இன்றைய தூளுக்கு அதை இப்படித் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, தவணையில் ஒரு மெஷின் வாங்கிவிடலாமே என்பார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், துவைக்கிற கையின் பாரம் குறைவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் மெஷின் உள்ள வீடுகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மெஷினுக்கும் சமதளமும் வடிகாலும் வேண்டும். அது ஒரே மூச்சில் கொட்டும் நீரைத் தாங்காத தரையில் அதை வைத்தால் தேக்கம் இன்னும் மோசமாகும். உப்புத்தண்ணீர் அதன் உள்ளே படியும். மின்சாரத்தையும் நினைக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. தமிழ்நாடும் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீண்ட மின்வெட்டுகளைப் பார்த்தது. அந்த நாட்களில் கல்லும் தொட்டியும் இருந்த வீடு தடுமாறவில்லை. ஆகவே தளமும் வடிகாலும் முதலில், மெஷின் பிறகு என்பதில் முரண் எதுவும் இல்லை. இன்று போடும் தளமே நாளைய மெஷினுக்கு இடம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. துவைக்கும் இடத்தை வசதியாக்குவது பெண்ணை அந்த வேலையிலேயே நிரந்தரமாக்கும், மாற வேண்டியது வேலைப் பங்கீடு என்பது. இதன் அடிப்படை உண்மை. 2019 இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஒரு மூட்டை சிமெண்ட் இந்த அநீதியைத் தீர்க்காது. ஆனாலும் பங்கீடு மாறும்வரை அவள் வழுக்கும் தரையில் குனிந்து நிற்கட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்றும் கவனிக்கிறேன்: மறைவான, இருட்டான, ஈரமான மூலையில் நடக்கும் வேலையை வீட்டார் பார்ப்பதே இல்லை. வெளிச்சத்துக்கு வந்து, நின்று செய்யும்படி ஆன வேலையைப் பிறரிடம் கேட்பது எளிது. கல்லின் உயரத்தை ஒருவருக்கு மட்டும் அளக்காமல், வீட்டில் துவைக்கக்கூடிய எல்லோருக்கும் இடைப்பட்டதாக அமைப்பது அந்தக் கேள்வியை வீட்டுக்குள் எழுப்பும் ஒரு வழி.

கிணற்றடியைப் புகழ்வது பழைமை ஏக்கம்தான் என்பாரும் உண்டு. திறந்த கிணறு ஆபத்து, வாய்க்காலில் கொசு, மறைப்பில்லாத இடத்தில் பெண்களுக்குச் சங்கடம். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். கிணற்று வாயை ஒட்டியே தோய்ப்பது கிணற்றடியின் பெருங்குறை. குழந்தையின் அழுக்குத்துணி அலசிய நீர் தளத்து வெடிப்பு வழியே கிணற்றுக்குள் திரும்ப வாய்ப்புண்டு. கல்லைப் பத்து எட்டுத் தள்ளி வைக்க வேண்டும். கொசுவின் விஷயம் அதைவிடக் கடுமையானது. 2017-இல் இலங்கையில் 1,86,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே கடுமையாக அடிபட்டது. டெங்குக் கொசு முட்டையிடுவது வீட்டைச் சுற்றித் தேங்கிய தெளிந்த நீரில்: தொட்டி, டிரம், கவனிக்காமல் விட்ட வாளி. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துவிட்டால் போதும். அதற்குத் தொட்டியின் அடியில் ஒரு துளையும் அடைப்பானும் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். மொண்டு ஊற்றித்தான் காலிசெய்ய முடியும் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். வாட்டமும் வடிகாலும் சரியாக உள்ள இடம் நோயைக் குறைக்கும். குறையை அகற்றிவிட்டு எடுத்துக்கொண்டால் அதை ஏக்கம் என்று சொல்ல முடியாது.

கொடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலையின் உப்புக்காற்றில் இரும்புக் கம்பி துருவேறித் துணியைக் கெடுக்கும், நைலான் கயிறே மேல். ஆரணியில் மொட்டைமாடி வெயில் தாராளம், ஆனால் வண்ணத் துணியும் பட்டும் நிழலில் உலர வேண்டும். பருவமழை மாதங்களுக்காகச் சுவரோரம் மூன்றடி நீட்டிய ஒரு தகரக் கூரையின் கீழே இரண்டு கொடி இருந்தால், ஈரத்துணி தறி இருக்கும் கூடத்துக்குள் வராது. சுவருக்கு டைல்ஸைவிடச் சுண்ணாம்பு நல்லது. ஈரம் வெளியேற அது வழிவிடும், பூஞ்சை எளிதில் பிடிக்காது, ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதுவும் புதிதாகும். வாடகை வீட்டில் தளம் போட உரிமையாளர் விடமாட்டார் என்றால், கல்லை மட்டும் செங்கலின் மேல் வைத்து, கீழே ஒரு அகலப் பிளாஸ்டிக் தட்டும் குழாயும் பொருத்தலாம். வீடு மாறும்போது எல்லாம் கூடவே வரும்.

தனி வீடுகள் தம் செலவில் செய்வதோடு இது முடியக்கூடாது. போருக்குப் பின் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசின் உதவியில், 2012 அக்டோபர் 2 அன்று தொடங்கி, வீட்டுக்காரர்களே முன்னின்று கட்டிய வீடுகளுக்கு உதவித்தொகை தலா 5,50,000 இலங்கை ரூபாய். பரப்பு 550 சதுர அடி. தமிழ்நாட்டு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. 2016 முதல் நடக்கும் ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் 25 சதுர மீட்டர், அதில் சுகாதாரமான சமையல் இடமும் அடக்கம். அறை, சமையல், கழிப்பறை எல்லாம் எண்ணப்பட்ட இந்தத் திட்டங்களில் துணி துவைக்கும் இடம் வீட்டின் உறுப்பாக எண்ணப்படவில்லை. கூரை வேண்டாத, சுவர் வேண்டாத, இருபது சதுர அடித் தளம் அது. அடித்தளம் போட வந்த கொத்தனாரும் கலவையும் அங்கேயே இருக்கும் நாளில் அதையும் சேர்த்துப் போட்டால் ஆகும் கூடுதல் செலவு ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு குழாயும். திருவண்ணாமலை மாவட்டத்தில் இனி எழும் ஒவ்வொரு கனவு இல்லத்தின் மதிப்பீட்டிலும், திருகோணமலையில் இனிக் கட்டப்படும் வீட்டுத்திட்ட வரைபடத்திலும் இந்த ஒரு வரி சேர வேண்டும்: நான்கடிக்கு ஐந்தடித் தளம், அடிக்குக் கால் அங்குல வாட்டம், நிற்கும் உயரத்தில் கல், கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக வடிகால்.